ஓட்டுனவங்க துவைக்கணும்

ஓடுதளம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இறங்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து இன்ஜின் இரண்டு தடவை இருமியது. பிறகு இருமக்கூட இல்லை. குட்டி விமானத்தின் மூக்கிலிருந்த விசிறி, கோபித்துக்கொண்ட நாத்தனார் மாதிரி அசையாமல் நின்றது.

ஓட்டிக்கொண்டிருந்தவளுக்குப் பயிற்சிப் பள்ளியில் வெட்டுக்கிளி என்று பேர். இறங்கும்போதெல்லாம் விமானத்தைத் துள்ளவைக்கிறாளாம். பயிற்சியாளர் வைத்த பேர். மறுநாள் அவள் முதன்முதலாகத் தனியாகப் பறக்க வேண்டும். அதற்கு அவர் சரி என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவருடைய பழைய வீரப்பிரதாபங்களையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டுவந்தாள்.

இன்ஜின் நின்றால் பதறாதே, மூக்கைத் தாழ்த்து, இடம் பார் என்று படித்துப் படித்துச் சொன்னவர் அவர்தான். இப்போது பக்கத்து இருக்கையில் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெட்டுக்கிளி மூக்கைத் தாழ்த்தினாள். ஓடுதளம் எட்டாது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு லாண்டரியின் திடல். ஓட்டல் படுக்கை விரிப்புகள் கொடிகொடியாகக் காய்ந்தன. ஆள் இல்லை. அங்கே விட்டாள்.

கொடிகள் அறுந்தன. கம்பத்தில் மோதி ஒரு இறக்கை ஒடிந்தது. விரிப்புகளை வாரிச் சுருட்டிக்கொண்டு போன விமானம், துவைக்கும் தொட்டியருகே மூக்கு குத்தி நின்றது. ஒரு தடவைகூடத் துள்ளவில்லை.

லாண்டரிக்கார அக்கா ஓடிவந்து இருவரையும் வெளியே இழுத்தார். கை கால் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அதன் பிறகுதான் திடலைப் பார்த்தார்.

“இத ஓட்டுனது யாரு?”

தலையில் விரிப்போடு நின்ற பயிற்சியாளர் விரலை நீட்டினார். “இவதாங்க. நான் சும்மா உக்காந்திருந்தேன். கையே வைக்கல.” தனியாகப் பறக்க இவளுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வெட்டுக்கிளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைக்கூடக் கோள் மாதிரி சொல்ல இந்த மனுஷனால்தான் முடியும்.

தீயணைப்பு வண்டி வந்தது. பின்னாலேயே டிவிக்காரர்கள். செத்த இன்ஜினோடு இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லாமல் இறக்கியவர் கெட்டிக்காரர் என்று தீயணைப்பு அதிகாரி சொன்னதுதான் தாமதம், பயிற்சியாளர் தலை வாரிக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றார். இன்ஜின் நின்ற நொடியிலேயே தானே ஓட்டத் தொடங்கிவிட்டதாகவும், எல்லாம் அனுபவம் என்றும் சொன்னார்.

சேறும் எண்ணெயுமாக ஒரு பொதி விரிப்பைச் சுமந்தபடி அக்கா கூட்டத்தை விலக்கினார்.

“அப்போ ஓட்டுனது நீங்கதானா சார்?”

“ஆமா.”

“நல்லதாப் போச்சு.” பொதி அவர் கைக்கு மாறியது. “ஓட்டுனவங்க துவைக்கணும். சாயங்காலம் ஓட்டலுக்குப் போயாகணும்.”

அவர் பொதியைப் பார்த்தார். கொடி அறுந்து கிடந்த மிச்சத்தையும் பார்த்தார். “கடைசில எறக்குனது இவதாங்க” என்று முனகினார்.

வெட்டுக்கிளி கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டினாள். “நான் துவைக்கிறேன் சார். ஆனா மொதல்லேர்ந்தே நான்தான்னு கேமராவப் பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு நான் தனியாப் பறக்கலாம்னும் சொல்லுங்க.”

“அதான் ஒடிஞ்சு கெடக்கே.”

“பள்ளிக்கூடத்துல இன்னொண்ணு நிக்குதுல்ல?”

பொதி கனத்தது. சொன்னார், இரண்டையும்.

அவள் தொட்டியில் இறங்கி மிதிக்கத் தொடங்கினாள். மைக் அவள் பக்கம் திரும்பியது. முதல் விரிப்பைப் பிழிய மறுமுனைக்கு ஆள் வேண்டியிருந்தது. நைசாக நழுவப்பார்த்த பயிற்சியாளரை அக்கா கூப்பிட்டார்.

“இதுலயாவது கைய வைங்க சார்.”