பூப்பொடிக் கூட்டணி

“மன்னர் மனைவி ஈ முட்டையிடும் பருவத்தில் கூலியாள் ஈக்கள் பூப்பொடிக் கூட்டணியில் ஈடுபடுகின்றன.”

ஆய்விதழ் அலுவலகத்தில் உதவி ஆசிரியை இந்த வரியைச் சத்தமாகப் படித்ததும், எதிர் மேஜையில் இருந்த முதன்மை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“கூட்டணியா? தேர்தல் ஏதாவது வருதாம்மா?”

“தேனீக் கட்டுரை சார். ராணித் தேனீயை மன்னர் மனைவி ஆக்கிட்டாங்க. மகரந்தச் சேர்க்கை கூட்டணி ஆயிடுச்சு.”

“அப்ப ஆண் தேனீ?”

“புருஷன் ஈ.”

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். விஷயம் இருவருக்கும் புரிந்துவிட்டது. ஏற்கெனவே எழுதியிருந்த எதையோ எடுத்து, காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் மாட்டாமலிருக்க, சொல் மாற்றும் கருவியில் போட்டு அரைத்திருக்கிறார்கள். கருவிக்கு ராணியும் ஒன்றுதான், மன்னர் மனைவியும் ஒன்றுதான்.

“யாருன்னு பாருங்க. விளக்கம் கேப்போம்” என்றுவிட்டு டீ குடிக்கப் போனார்.

கட்டுரைகளைப் பெயர் மறைத்துத்தான் சோதிப்பார்கள். அவள் இப்போதுதான் முகப்புப் பக்கத்தைத் திறந்தாள். அவளுடைய கொழுந்தன்!

கல்லூரியில் அவன் வேலை நிரந்தரமாக வேண்டுமானால், வரும் இதழுக்குள் ஒரு கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும். ஒரு போன் போட்டால் போதும், சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொள்வான். கை போனுக்குப் போனது. எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அதற்குள் ஆசிரியர் வந்துவிட்டார்.

“சார், இதை நான் பார்க்கக் கூடாது. இவர் எங்க வீட்டுக்காரரோட தம்பி.”

“சொன்னீங்களே, அதுவே பெரிசு. இனிமே இந்தக் கட்டுரை இருக்கிற பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதீங்க.”

அவள் வராந்தாவுக்குப் போனாள். ஆனால் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கொழுந்தனுக்குப் போன் போட்டபோதும் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்.

“அது என்னோட ஆய்வேடுதான் சார்!” கொழுந்தனின் குரல் வராந்தாவரை வந்தது. “வேற யாரோடதும் இல்ல!”

“உங்களோடதா? அப்ப ‘என் ஆய்வேட்டிலிருந்து’ன்னு ஒரு வரி போட்டிருந்தா முடிஞ்சுதே!”

“அப்படிப் போடலாமா சார்? மெஷின் பூரா சிவப்பா காட்டுச்சு. பயந்துட்டேன்.”

“சொந்த வீட்டுக்குள்ளயே சுவரேறிக் குதிச்சிருக்கீங்க. சரி, மாத்தினதுக்கப்புறம் படிச்சுப் பாத்தீங்களா?”

“முதல் பக்கம் மட்டும்…”

“முதல் பக்கத்துலதான்யா மன்னர் மனைவியே இருக்காங்க!”

“படிக்கல சார்” என்றான்.

தீர்ப்பு ஆயிற்று. வரும் இதழில் கட்டுரை கிடையாது. முழுவதும் திருப்பி எழுதி, எங்கிருந்து எடுத்தது என்று சொல்லி, நடந்ததற்கு விளக்கமும் சேர்த்து அனுப்ப வேண்டும். நிரந்தர வேலை இந்த முறை கைநழுவிப் போனது.

சாயங்காலம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல அண்ணி?”

“பண்ணத்தான் பாத்தேன் தம்பி. பண்ணியிருந்தா என்னைக்காவது தெரிஞ்சு, உன் வேலையும் போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும்.”

“அப்புறம் நான் ஒருத்தனே உழைச்சுக் கொட்டணும். நல்லவேளை!” என்றான் அவள் கணவன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி சிரிக்கவில்லை. சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்தான்.

“எழுதிட்டு உங்ககிட்டக் காட்டறேன். நீங்க ஒரு தடவை பாத்துக் குடுத்துடுங்க.”

“நான் பாக்கக் கூடாது.”

“அப்ப யார்தான் படிக்கிறது?”

“நீதான்.”

பெருமூச்சு விட்டுவிட்டு, உதடு அசைய, பழைய கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். இரண்டாவது பத்தியில் நின்றான்.

“அண்ணி, ‘கூண்டுக் கழுவல் ஒழுக்கம்’னு எழுதியிருக்கேனே, அப்படின்னா என்னது?”

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள்.

“கேக்கல தம்பி!”