கோடாலிக்கு வந்த இரக்கம்

என் மனைவிக்கு அலுவலகத்தில் கோடாலி என்று பெயர். வைத்தவன் நான்தான், கல்யாணத்துக்கு முன்பு. யார் எதைக் கட்டினாலும் அதை உடைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் பின்னால் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். புரோகிராம் எழுதியவன் முகம் தொங்கிப்போகும். அவள் சரி என்று சொல்லாமல் எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு துரும்பும் வெளியே போகாது.

இந்த முறை அவள் கையில் மாட்டியது என் சரக்கு. ஐந்து மருத்துவமனைகளின் ரத்த வங்கிகளை ஒன்றாக இணைக்கும் ஏற்பாடு. இடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். ஐந்தும் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொண்டு, எந்த ரத்தப் பை எந்த நோயாளிக்கு என்று முடிவு செய்ய வேண்டும். ஒன்று தலைவர். தலைவரிடமிருந்து சத்தமே இல்லை என்றால் மற்ற நான்கும் சேர்ந்து வேறொன்றைத் தலைவராக்கிக்கொள்ளும். ஒரு வருஷம் இதிலேயே கிடந்தேன். திங்கட்கிழமை நிஜ மருத்துவமனைகளில் ஓட வேண்டும், கோடாலி தலையாட்டினால்.

ஐந்து இடத்துக்கும் போய் ஒயர் பிடுங்க முடியாதே! அதனால் மேலாளர் ஒரு சிமுலேட்டரைக் கொடுத்தார். ஒரே லேப்டாப்புக்குள் ஐந்து பொய்க் கம்ப்யூட்டர்கள், நடுவே ஒரு பொய் நெட்வொர்க். எத்தனை செய்தி வழியில் தொலைய வேண்டும், எவ்வளவு தாமதமாக வர வேண்டும் என்று நாமே எண் கொடுக்கலாம். ஒரு மாதத்தில் நடப்பதை ஒரு நிமிஷத்தில் நடத்திக் காட்டிவிடும்.

சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அதன்மேலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு சிமுலேட்டரோடு வந்த பயிற்சியில் அவள் முதல் பாடத்தை ஆரம்பித்தாள். இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஓடவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

"என்னங்க இது? ரெண்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

"நம்ம வீட்டைப் பாத்து செஞ்சிருப்பாங்க."

முறைத்தாள். பார்த்தால், இரண்டுக்கும் நடுவே இணைப்பு கொடுக்கவே மறந்திருக்கிறாள். கொடுத்ததும் வணக்கம் போனது, பதில் வணக்கம் வந்தது. பத்து வருஷமாக மலை மலையாகக் கம்ப்யூட்டர்களைக் கவிழ்த்தவள், அந்த ஒரு வரிக்குக் குழந்தை மாதிரி கைதட்டினாள். எனக்கு அவளை அப்படியே தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. மாமியார் கூடத்தில் இருந்ததால் சும்மா இருந்தேன்.

பிறகு ஐந்தாக்கினாள். என் புரோகிராமை உள்ளே போட்டாள். ஓடவிட்டாள். திரை முழுக்கப் பச்சை. ஒரு பைகூடத் தப்பான ஆளுக்குப் போகவில்லை.

"பாஸ்," என்றாள்.

"ஒரு தடவையாவது மாப்பிள்ளைய விட்டியே!" என்றார் மாமியார் கூடத்திலிருந்து.

அவள் துணி காயப்போட மாடிக்குப் போனாள். நான் என் வெற்றியை இன்னொரு முறை கண்குளிரப் பார்க்கலாம் என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். ஆசை யாரை விட்டது? எண்கள் இருந்த பக்கத்தையும் திறந்தேன்.

நூறு செய்திக்கு ஒன்று தொலையும். தாமதம் கண்சிமிட்டும் நேரம். எந்தக் கம்ப்யூட்டரும் நடுவில் நிற்காது. பாடத்தில் கற்றுக்கொள்பவருக்காகக் கொடுத்திருந்த எண்கள் அப்படியே இருந்தன. நிஜ நெட்வொர்க் ஒருநாளும் இவ்வளவு சாதுவாக இருக்காது.

மூடிவிட்டு எழுந்திருக்கலாம். யாரும் பார்க்கப் போவதில்லை; கோடாலி பாஸ் போட்டதை எங்கள் ஆபீஸில் எவனும் திருப்பிக் கேட்க மாட்டான். என் ஒரு வருஷமும் திங்கட்கிழமை ஜம்மென்று வெளியே போகும். உண்மையைச் சொன்னால், மூடத்தான் கை போனது. ஆனால் அந்தப் பக்கம் ஆபரேஷன் மேஜையில் ஒரு ஆள் படுத்திருப்பானே என்ற நினைப்பும் கூடவே வந்தது. அவள் காலி வாளியோடு இறங்கி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"இந்த எண்ணெல்லாம் யாரு வெச்சது?"

எட்டிப் பார்த்தாள். "பாடத்துல இருந்தது. எனக்கு இது புதுசுங்க, மாத்த மறந்துட்டேன்."

"பக்கத்து சீட்டுக்காரன் எழுதினதா இருந்தா மறந்திருப்பியா?"

வாளியைக் கீழே வைத்தாள். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"கண்ணுல பட்டுதுங்க," என்றாள் மெதுவாக. "மாத்தணும்னு தோணுச்சு. கை வரல. ஒரு வருஷமா நீங்க ஒழுங்காத் தூங்கல. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதே நிமிஷம் அவள்மேல் சொல்ல முடியாத பிரியமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.

"உக்காரு. ஊரான் எழுதினதா நெனச்சுக்கோ."

உட்கார்ந்தாள். மூன்றில் ஒரு செய்தி தொலையட்டும் என்றாள். தலைவரை நடுவில் கொஞ்ச நேரம் உறைய வைத்து மறுபடி எழுப்பினாள். ஓடவிட்டாள்.

சிவப்பு. செத்துவிட்டது என்று நினைத்து மற்றவை கைகழுவிய பழைய தலைவர் கண்விழித்து, தானே இன்னும் தலைவர் என்று பையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. புதுத் தலைவரும் கொடுத்தது. ஒரே பை, இரண்டு நோயாளிகளுக்கு.

அவள் செல்போனிலிருந்து மேலாளரை நான்தான் கூப்பிட்டேன். அவர் எடுத்ததும் அவளிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "சோதிச்சது நீதானே," என்றேன்.

"சார், இது தயாரா இல்ல," என்றாள். "ஒரே பை ரெண்டு பேருக்குப் போகுது."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதான் இருக்கார்." அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

போனை வாங்கினேன். "அவங்க சொன்னது சரி சார். திங்கட்கிழமை வேண்டாம்."

போனை வைத்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரையையே உற்றுப் பார்த்தாள். புருவம் மெல்லச் சுருங்கியது.

"ஏங்க, இன்னொரு இடத்துலயும் உடையும்போல இருக்கு. பாக்கட்டுமா?"

நன்றாகப் பார்க்கட்டும் என்று நகர்ந்து உட்கார்ந்தேன்.