வளைவு மேலே

கிளறா மண்டியிட்டு, உத்தர மரத்தின் விளிம்போடு ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். வளைந்துதான் இருந்தது. நடுவில் ஒரு விரற்கடை மேடு. அதற்கு அப்பால் பெல்லெக்ரீனோ மலை வெயிலில் கரைந்து நீலமாகக் கிடந்தது.

"மன்னார்க் கழுதையின்ர முதுகும் இதைவிட நேர்."

"அது சுமை ஏத்தினாப் பிறகு," என்றான் அவள் கணவன் றோபேட்.

அவள் பராமரிக்கும் இத்தாலிய மூதாட்டி சிஞ்ஞோராவின் அறைக்கு வெளியே இரண்டு படி இறங்கினால்தான் மொட்டைமாடி. சக்கர நாற்காலி இறங்காது. இரண்டு வருடமாகக் கிழவி கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே கடலைப் பார்த்தாள். வெளிக்காற்று படாவிட்டால் முதியோர் இல்லந்தான் என்று கிழவியின் மகன் சொல்லிவிட்டான். அப்புறம் கிளறாவின் வேலையும் இல்லை, கணவன் மனைவி இருவரும் படுக்கும் அறையும் இல்லை. அதனால்தான், கட்டட வேலைக்குப் போய்வரும் றோபேட், கதவு மட்டத்துக்கு ஒரு மரத்தளம் எழுப்பிக்கொண்டிருந்தான்.

எதையும் விளங்கப்படுத்தாமல் அவனால் ஆணி அடிக்க முடியாது. கீழ்வீட்டுச் சுவர் ஓடும் இடத்தில்தான் தூண் நிற்க வேண்டும். உத்தரம் தூணின் பக்கத்தில் தொங்கக் கூடாது, தலையில் உட்கார வேண்டும். இரண்டு பலகைகளைச் சேர்த்து இறுக்கினால் ஒரு உத்தரம். நீளம் போதாமல் ஒட்டுப் போட்டால், அந்த ஒட்டு தூணுக்கு மேலேதான் வர வேண்டும். எந்தப் பலகையிலும் பிறவி வளைவு கொஞ்சம் இருக்கும். அதை மேல்பார்க்க வைத்தால் பாரம் அழுத்த அழுத்த நேராகும். கீழ்பார்க்க வைத்தால் நாளடைவில் தொட்டில்தான்.

"எனக்கு விளங்குது. பயத்துக்கு விளங்குமே?" என்றாள் கிளறா.

றோபேட் அடுத்த திருகாணியை இறுக்கினான்.

தளத்தைச் சோதிக்க அளவையாளர் வந்து, குனிந்து டோர்ச் அடித்து, தூணுக்குத் தூண் தட்டிப்பார்த்துக் கையெழுத்திட்டார். மகனும் தலையாட்டினான். கிழவி மட்டும் கதவு நிலையைப் பிடித்த பிடியை விடவில்லை. அந்த வளைந்த மரங்களை அவளும் கண்ணாடி வழியே பார்த்திருந்தாள். முதலில் நீ போ என்றாள்.

கிளறா, தளத்தில் நின்ற றோபேட்டைப் பார்த்தாள்.

"வாரும். நான் இஞ்சைதான் நிக்கிறன்."

கிழவியின் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தபடி கிளறா பின்பக்கமாக வெளியே கால் வைத்தாள். வள்ளத்தில் ஏறும்போதுபோல, குதிக்காலுக்குக் கீழே ஏதோ மெல்ல அமர்ந்து, பிறகு நின்றது. சக்கரங்கள் நிலையைத் தாண்டின. கட்டில், மேசை, மருந்துப் போத்தல்கள் எல்லாம் சத்தமில்லாமல் கரைபோல விலகின. கிழவியின் கை நீண்டது, இன்னும் நீண்டது. கடைசி விரல் மட்டும் கதவு நிலையைத் தொட்டுக்கொண்டிருக்க, நரைமுடியைக் காற்று பின்னாலிருந்து தூக்கியது.