வாழையிலைக் கிண்ணத்தில் கொடுவா

வைஜெயந்தியின் மகன் அருண்ராஜ் கம்போடியாவில் கம்போட் என்ற ஊருக்கு ஓட்டல் வேலைக்குப் போய், அங்கேயே ஸ்ரேமொம் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு வருடம் கழித்து, மாசி மாதம் அவளைச் சொந்த ஊரான மரக்காணத்துக்கு அழைத்து வந்தான். ஐந்து நாளாகியும் பாஷை புரியாமல் மாமியாரும் மருமகளும் சிரித்துக்கொண்டதோடு சரி. மருமகள் கொண்டுவந்திருந்த ஊறவைத்த மீன் விழுதின் வாடை, கருவாடு தின்று வளர்ந்த வைஜெயந்தியையே தெருவுக்குத் துரத்தியது.

ஆறாம் நாள் விடியற்காலையில் வைஜெயந்தி உப்பளத்து வேலைக்குக் கிளம்பியபோது ஸ்ரேமொமும் பின்னாலேயே வந்தாள். பனியில் வானமும் பாத்தித் தண்ணீரும் ஒன்றாகிக் கிடந்தன. எது மேல், எது கீழ் என்று தெரியாமல் இருவரும் வரப்பில் நடந்தார்கள். வைஜெயந்தி பலகையால் உப்பு வாரத் தொடங்கியதும் மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு பலகையை எடுத்தாள். அடிச்சேறு கலங்காமல், பூத்திருந்த உப்பை மட்டும் மெல்ல ஒதுக்கினாள்.

"ஏம்மா, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

ஸ்ரேமொம் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். இதே மாதிரி வரப்பு, வெள்ளைக் குவியல். தலையில் கட்டம்போட்ட துண்டு கட்டிய ஒருத்தி பலகையோடு நின்றாள்.

"என் அம்மா. கம்போட்," என்றாள் தெரிந்த அரைகுறைத் தமிழில்.

வைஜெயந்தி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டி, "வூட்டுக்குப் போயி உங்க ஊரு சாப்பாடு செய்யி. நான் சாப்புடுறேன்," என்றாள்.

பக்கத்து மீனவக் கிராமமான எக்கியார்குப்பத்திலிருந்து ஒரு கொடுவா மீன் வந்தது. தன் ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்புல்லையும் அரத்தைக் கிழங்கையும் மஞ்சள், பூண்டோடு சேர்த்து ஸ்ரேமொம் அம்மியில் அரைத்தாள். தேங்காய்ப்பாலும் முட்டையும் கலந்து, மீன் துண்டுகளைப் புரட்டி, வாழையிலையைக் கிண்ணமாக மடித்து ஈர்க்குச்சி குத்தி, இட்லிப் பானையில் வேகவைத்தாள். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க மணந்தது.

மீன் நாக்கில் தானாகக் கரைந்தது. வைஜெயந்தி இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இதுக்குப் பேரு இன்னா?"

"ஆமொக்."

"அந்த நாத்தம் புடிச்ச விழுது போட்டியா?"

வைஜெயந்தி மூக்கைப் பிடித்துக் காட்டியதும் மருமகளுக்குப் புரிந்தது. இரண்டு விரலால் துளியூண்டு கிள்ளிக் காட்டினாள். வைஜெயந்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வேலையாகப் பாண்டிச்சேரி போயிருந்த அருண்ராஜ் சாயங்காலம் திரும்பியபோது இருவரும் ஒரே பாயில் படுத்திருந்தார்கள். பக்கத்தில் காலி இலைக் கிண்ணங்கள். அவனுக்கென்று எதுவும் மிச்சமில்லை.

வைஜெயந்தி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "டேய், நாளைக்கு ரெண்டு மீனா வாங்கியாடா."