கடலுக்குத் துண்டு

பல்கலைக்கழகத்தில் சட்டம் எழுதுகிறவர்கள் எல்லாரும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். அதனால்தான் மாணவர் நலன்புரிக் குழுவின் சட்டத்தில் காய்ச்சலுக்கு இடம் இருந்தது, செத்தவீட்டுக்கு இடம் இருந்தது, கடலுக்கு இடம் இல்லை.

அந்தச் சட்டத்தை எழுதியவரே விரிவுரையாளர் இராசநாயகம்தான், குழுவின் செயலாளர். எண்பது வீதம் வரவு இல்லாவிட்டால் சோதனை எழுத முடியாது. விலக்கு வேண்டுமென்றால் வைத்தியர் எழுதித் தரும் துண்டு, இல்லையேல் மரணச் சான்றிதழ். மனுசன் அதை வரி வரியாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆவணியில் நெடுந்தீவுப் பெட்டை பவதாரணி அவர் முன்னால் வந்து நின்றாள். எழுபத்தொரு வீதம். படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்க்க வெள்ளிக்கிழமைகளில் ஊருக்குப் போவாள். சோளகக் காற்றுப் பிடித்துவிட்டால் தீவுக்குப் போய்வருகிற லோஞ்ச் படகு ஓடாது. திங்கள் வரவேண்டியவள் வியாழன் வந்து சேருவாள்.

"நீர் ஏன் மெடிக்கல் எடுக்கேல்லை?"

"எனக்கு வருத்தமில்லை சேர். கடல்தான் சரியில்லை."

பாருங்கள், உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்கிற பிறவிகளும் இருக்கத்தான் செய்கின்றன! வகுப்புக்கு வராமல் கோயில் திருவிழாவுக்கு நின்ற பிள்ளைகள் எல்லாம் வயிற்றோட்டம் என்று துண்டு கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்கள். இவளுக்கு அந்தக் கெட்டித்தனம் வரவில்லை. சோதனை அடுத்த வியாழக்கிழமை. அது போனால் ஒரு வருஷம் போச்சு. இன்னொரு வருஷம் தாயை அயலவரிடம் விட்டுவிட்டுப் படிக்க ஏலாது, படிப்பை நிற்பாட்டத்தான் வேண்டும் என்று அழாமல் சொன்னாள்.

குழுத் தலைவர் பேராசிரியர் அப்புத்துரைக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் கோப்பு என்று ஒன்று இருக்கிறதே!

"கடல் மறிச்சதெண்டதுக்கு ஒரு ஆதாரம் வேணும். இராசநாயகம், நீர் ஒருக்கா நேரை போய் விசாரிச்சு, ஒரு துண்டும் வாங்கிக்கொண்டு வாரும். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில முடிவெடுப்பம்."

சனிக்கிழமை காலை இராசநாயகம் குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் ஏறினார். மறுநாள் திரும்பிவிடலாம் என்று பையில் ஒரேயொரு மாற்றுச் சேட்டு. கடல் அன்றைக்கு நல்ல பிள்ளையாகக் கிடந்தது. 'இதற்கா இவ்வளவு கதை?' என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்தார்.

பின்னேரம் பவதாரணியின் தாயைப் போய்ப் பார்த்தார். மனுசி படுத்தபடியே கதைத்தாள்.

"பிள்ளையை இந்தக் கிழமை வரவேண்டாமெண்டு சொல்லிவிட்டனான். காத்து எழும்பப்போகுது." பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கள் ஏன் ஐயா வந்தனீங்கள்?"

ஞாயிறு விடியக் காற்று பனைகளைப் பிடித்து உலுப்பியது. துறையில் லோஞ்ச் ஓட்டுகிற யாகப்பு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்.

"அண்ணை, எத்தினை மணிக்கு வெளிக்கிடுது?"

"இண்டைக்கு இல்லை."

"அப்ப நாளைக்கு?"

"அதை நாளைக்கெல்லோ கேக்கோணும்."

வந்த வேலை நினைவுக்கு வந்தது. இராசநாயகம் பேனையை நீட்டினார். "ஓடேல்லை எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ."

யாகப்பு விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன ஐயா, கடல் லீவு போட்டிட்டுதெண்டு நான் கையெழுத்து வைக்கிறதோ? இவ்வளவு வருஷத்தில ஒருத்தரும் துண்டு கேக்கேல்லை. இல்லையெண்டா இல்லைத்தான்."

திங்களும் இல்லை. செவ்வாயும் இல்லை. பள்ளிக்கூட அதிபர் வீட்டில் சோறும் பாயும் கிடைத்தன. இராசநாயகத்துக்குத்தான் நித்திரை கிடைக்கவில்லை. கூட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் இருக்கையில் தபாற்கந்தோரில் தொலைபேசி எடுத்தார்.

"சேர், கடல் சரியில்லை. வர ஏலாமல் கிடக்கு."

சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது யாருடைய சொல் என்று உறைத்தது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"அதுக்கென்ன, பறவாயில்லை. ஆறுதலாய், கவனமாய் வாரும்" என்றார் அப்புத்துரை. பெட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் தொடுப்பு அறுந்துபோயிற்று.

புதன்கிழமை லோஞ்ச் ஓடியது. உப்புப் படிந்த சேட்டோடு நேரே பல்கலைக்கழகக் கந்தோருக்கு வந்தார். மேசையில் கூட்டக் குறிப்பு அவருடைய கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. முதலாவது: 'செயலாளர் சமுகமளிக்கவில்லை. காரணம் கடல் கொந்தளிப்பு. ஏற்றுக்கொள்ளப்பட்டது.' ஐந்தாவது: 'மாணவி பவதாரணியின் வரவுக் குறைவு. காரணம் கடல் கொந்தளிப்பு. ஆதாரம் இல்லை. நிராகரிக்கப்பட்டது.' இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் இல்லை. இராசநாயகத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

தாளைத் தூக்கிக்கொண்டு தலைவரிடம் போனார்.

"சேர், எனக்கு ஆர் துண்டு தந்தது?"

"என்ன துண்டு? நீர் சொன்னீர், நான் நம்பினன்."

"அந்தப் பிள்ளையும் சொன்னதுதானே?"

அப்புத்துரை கண்ணாடியைக் கழற்றினார். "சட்டம் நீர் எழுதினது, ஐசே."

"ஓம் சேர். பிழையாய் எழுதிப்போட்டன். ரெண்டுக்கும் ஒரே கடல்தான். அவவின்ரை காரணத்தை ஏற்கேலாதெண்டால் என்ரையையும் ஏற்கேலாது. நான் காரணமில்லாமல் கூட்டத்துக்கு வரேல்லை எண்டு எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன். இப்பிடியே கிடந்தால் வைக்கமாட்டன்."

தலைவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு பேனையை எடுத்து ஐந்தாவதன் கடைசி இரண்டு வசனங்களையும் வெட்டினார். "மற்ற ஆக்களுக்கு நான் சொல்லுறன்" என்று முணுமுணுத்தபடி மேலே 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பவதாரணி விறாந்தையில் நின்றாள். சோதனை அனுமதி அட்டையை இரண்டு கையாலும் வாங்கினாள். கண் கலங்கிவிட்டது.

"அம்மா எப்பிடி இருக்கிறா சேர்?"

"நல்லாய் இருக்கிறா. காத்து எழும்புமெண்டு எனக்குச் சொன்னவ. எனக்குத்தான் விளங்கேல்லை. நாலு நாள் அங்கைதான் நிண்டனான்."

"ஐயோ! கூட்டத்துக்கு வரேல்லையோ?" அவள் உண்மையாகவே பதறிப்போனாள். "அப்ப உங்கட வரவு எத்தினை வீதம் சேர்?"



"என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை" என்றார் இராசநாயகம்.