நாற்பத்தோராம் பக்கம்

அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. பார்க்கிறவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டாத பிள்ளைகள் கானா, உகாண்டா, சாம்பியா என்று நாலு திக்கிலிருந்தும் எங்கள் மலாவி ஏரிக்கரை விடுதிக்கு வருவார்கள். பெல்லோஷிப் அவர்களை ஆறு வாரம் உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, எழுதச் சொல்லும். எழுதுவார்கள், ஏரியைப் பார்ப்பார்கள், சண்டை போடுவார்கள், மறுபடி எழுதுவார்கள். 'இன்னார் இன்ன பக்கத்தில் சொன்னார்' என்று அவர்கள் எழுதுகிற ஒவ்வொன்றையும் நான் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்பேன். சொல்லியிருந்தால் ஒரு டிக். இல்லையென்றால் எனக்குக் கோபம் வரும். பதினோரு வருடமாக இதே பிழைப்பு.

அந்த வருடம் வந்த பன்னிரண்டு பேரில் தியமிகேயை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். எங்கள் ஊர்ப் பெண்தான், சலீமா மாவட்டத்துப் பக்கம். கருவாடு போடும் பெண்களோடு பதினாலு மாதம் குப்பத்திலேயே குந்தியிருந்து ஆராய்ச்சி செய்தவள். நெத்திலி மாதிரிப் பொடிமீன் ஒன்று உண்டு, உசிப்பா என்போம். அதைத்தான் அங்கே மூங்கில் பரணில் காயவைப்பார்கள். தியமிகே தன் நோட்டுகளைத் திறந்தாலே என் அறை முழுக்க அந்த வாசனை அடிக்கும்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அவள் கட்டுரை தேர்வுக் குழுவுக்குப் போக வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால் இரண்டாம் ஆண்டும் பெல்லோஷிப் உண்டு. இல்லையென்றால் பழைய கல்லூரிக்கே திரும்பி நானூறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், நோட்டுகள் பெட்டியிலேயே கிடக்க வேண்டும். அப்படித் திரும்பிப்போன கெட்டிக்காரர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் அப்புறம் எழுதியதாகக் கேள்விப்படவில்லை.

நாலு மணி டீக்கு எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. 'நான் கண்டுபிடித்தது இது' என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால்தான் கோப்பை கைக்கு வரும். தியமிகேயின் முறை வந்தால் தினமும் தன் பேராசிரியர் பேரில் ஒரே பாட்டு.

"எங்க மசெகோ சார் சொல்ற மாதிரி..."

"உங்க சாருக்கு டீ கிடையாது," என்று உகாண்டாக்காரன் ஒகெல்லோ கத்துவான். "நீ சொல்லு தாயே. இல்லேன்னா அவரையே வரச்சொல்லு, பெல்லோஷிப்பை அவர்கிட்டயே குடுத்துடுவோம்."

அவளும் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போவாள். நானும் அதை அடக்கம் என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கட்டுரை என் மேஜைக்கு வந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'மழை மாதங்களில் பரணிலிருந்து குறையும் மீன் அழுகிப்போனதல்ல. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புகையடுப்புக்குப் போனது.' படித்தவுடன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எத்தனை வருடமாக எத்தனை பேர் வந்து பரணில் மீனை எண்ணி, குறைந்ததையெல்லாம் அழுகியது என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்! மேகம் கறுத்தால் பெண்கள் மீனை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்ப் புகைபோடுவார்கள். எண்ண வந்த எந்த ஆண்பிள்ளை பின்கட்டுக்குப் போனான்? கட்டுரையின் உயிரே அந்த வரிதான். அதன் வாலில் 'மசெகோ, பக்கம் 41' என்று போட்டிருந்தாள்.

மசெகோவின் பழைய மீன் அறிக்கை என் அலமாரியிலேயே இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில், மழை மாதங்களில் பத்தில் நாலு மீன் அழுகி வீணாகிறது என்று எழுதியிருந்தார். பக்க எண் தவறியிருக்கும் என்று முழு அறிக்கையையும் படித்தேன். புகையடுப்பு என்ற வார்த்தையே எங்கும் இல்லை. அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"என்னக்கா, கமா எதாவது விட்டுட்டேனா?"

"உக்காரு. இந்தப் புகையடுப்பு சங்கதி யார் சொன்னது?"

"மசெகோ சார்."

"அவர் இங்க தலைகீழா சொல்லியிருக்கார். நீயே பாரு."

அவள் பார்க்கவில்லை. சேலைத் துண்டு மாதிரி இடுப்பில் சுற்றியிருந்த சிதெஞ்சேயின் முனையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நான்தான்க்கா."

"நீதான்னா?"

"கண்டது நான். அவர் பேரைப் போட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இல்லாத மேற்கோள் ஒன்று அகப்பட்டாலும் பித்தலாட்டம் என்று சொல்லி பெல்லோஷிப்பையே பிடுங்கிவிடுவார்கள். "அடுத்தவன் சரக்கைத் தன் பேர்ல போட்டு மாட்டுறவனைப் பாத்திருக்கேன்," என்றேன். "தன் சரக்கை அடுத்தவன் பேர்ல போட்டு மாட்டுற கிறுக்கியை இப்பத்தான் பாக்கறேன்!"

"அவர் எனக்கு அங்கோஸ்வேக்கா," என்றாள்.

அங்கோஸ்வே என்றால் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குப் பொறுப்பேற்கிறவர், தாய்மாமன் நிற்க வேண்டிய இடம். இவளுக்கு மாமன் கிடையாது. கல்யாணத்தன்று எங்கள் வழக்கப்படி மசெகோதான் கோட்டு போட்டுக்கொண்டு, பெட்டைக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெண் வீட்டுப் பக்கம் நின்று மாப்பிள்ளை வீட்டுச் சேவலோடு மாற்றிக்கொண்டாராம். நாளைக்குப் புருஷனோடு ஏதாவது மனத்தாங்கல் என்றால் அவரிடம்தான் இவள் போய் நிற்க வேண்டும்.

"அவர் இருபத்தஞ்சு வருஷமா சொன்னது தப்புன்னு நான் எப்படிக்கா அச்சுல போடுவேன்? அவர் பேரைப் போட்டா, அவரே திருத்திக்கிட்ட மாதிரி ஆயிடும். யாருக்கும் அசிங்கமில்ல."

"அவர் பேரை எடு. இல்லேன்னா இது என்கிட்டேருந்து நகராது."

வியாழக்கிழமை காலையில் திருத்திக்கொண்டு வந்தாள். அவர் பேரை எடுத்திருந்தாள். கூடவே அந்த வரியையும் எடுத்திருந்தாள்.

"என்னடி இது? மீன் வாங்கினாங்க, மீன் வித்தாங்கன்னு இருக்கு. இதுல என்ன புதுசுன்னு கேப்பாங்களே?"

"பரவால்லக்கா. ஊருக்குப் போறேன்."

ஏதோ புத்தகம் கேட்டு வந்த ஒகெல்லோ வாசலிலேயே நின்றுவிட்டான். "பதினாலு மாசம் நாத்தம் புடிச்சது அந்த ஒரு வரிக்காகத்தான். அதையும் வெட்டிட்டியா? அப்ப சோப்பு போட்டுக் குளிச்சுட்டு நட," என்றான். வழக்கமான கிண்டல்தான், ஆனால் அவன் முகத்தில் சிரிப்பில்லை.

அங்கோஸ்வேயைப் பற்றி அங்கோஸ்வேயிடமே போய்க் குறை சொல்லும் வழக்கம் எங்களில் கிடையாது. நடுவில் வேறு பெரிய மனுஷர் ஒருவர் போக வேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது, வாயும் உண்டு. "நான் பேசறேன்," என்று போனை எடுத்தேன். வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

முறைப்படி அவர் உடம்பு, வீட்டார் உடம்பு, மக்காச்சோளம், மழை எல்லாவற்றையும் விசாரித்தேன். அவரும் என் வீட்டை விசாரித்தார். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தேன்.

"சார், உங்க அறிக்கையில நாப்பத்தோராம் பக்கம்..."

"நீங்களுமா அம்மா?" என்றார்.

"என்ன சார்?"

"லுசாக்கா மாநாடு முடிஞ்சு மூணு மாசமாச்சு. வந்தவங்கள்லாம் கை குடுக்கறாங்க. 'புகையடுப்பு விஷயத்தை அப்பவே எழுதிட்டீங்களே சார், பிரமாதம்'ங்கறாங்க. நான் எங்கம்மா எழுதினேன்? என் அறிக்கையை நானே நாலு தடவை படிச்சேன். இல்ல. கேட்டா, தியமிகேதான் மேடையில அப்படிச் சொல்லிச்சுங்கறாங்க. அந்தப் புள்ள பொய் சொல்லாது. அப்ப எனக்குத்தானே..."

தியமிகே போனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது," என்றார் மசெகோ. "முதல்ல தான் சொன்னதை மறந்தார். அப்புறம் எங்களை மறந்தார். அதான் வகுப்பை நிறுத்திட்டேன். கார் சாவியை என் வீட்டுக்காரி லிடியாகிட்டக் குடுத்துட்டேன். நேத்து கடைக்குப் போற வழியில நின்னு, இது நம்ம தெருதானான்னு ரெண்டு தடவை பாத்தேன். தியமிகேகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. புள்ள எழுதிக்கிட்டு இருக்கு."

மரியாதை என்று இவள் போட்ட ஒரு பெயர், அந்த மனுஷரை மூன்று மாதமாக உள்ளே வைத்து அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் தியமிகே போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சார், நான் தியமிகே. நீங்க எழுதல சார். எப்பவுமே எழுதல. நான்தான் பொய் சொன்னேன்."

"என்னம்மா சொல்றே?"

"பத்துல நாலு மீன் அழுகிடுதுன்னு நீங்க எழுதினதுதான் இருக்கு. அது தப்பு சார். மீன் அழுகல. பொம்பளைங்க பின்கட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறாங்க. அதைக் கண்டது நான்."

"நானா தப்பு?"

"ஆமா சார். நீங்க பின்கட்டுக்குப் போகவே இல்ல."

"ஆம்பளை எப்படிம்மா பின்கட்டுக்குப் போவான்?"

"அதான் சார், நான் போனேன்."

முடிவை இழுத்துப் பிடித்து வைக்க எனக்குத் தெரியாது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று மாலையே அவள் அந்த வரியைத் திரும்ப எழுதினாள். 'மசெகோ கூறுவதற்கு மாறாக, நான் கண்டது' என்று ஆரம்பித்தது. நான் டிக் போட்டேன். குழு இரண்டாம் ஆண்டைக் கொடுத்தது. அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த நேரத்தில் அவளுக்குக் குழுவும் நினைவில்லை, வெள்ளிக்கிழமையும் நினைவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றது மசெகோவின் குரல்.

"நீங்க சொன்னது தப்பு சார்."

"உறுதியா?"

"பதினாலு மாசம் எண்ணியிருக்கேன் சார். நல்லாவே தப்பு."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. போனைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குள் ஓடிக்கொண்டே அவர் போட்ட கூச்சல் எங்கள் அறைவரை கேட்டது.

"லிடியா! லிடியா! எனக்கு ஒண்ணும் இல்லடி! நான் எழுதினதுதான் தப்பாம்!"