கொடிக்கம்பி

என் கணவர் அந்தக் காக்கிப் பையைத் திறந்து, உள்ளே கையை விட்டு, ஒரு சுருள் நைலான் கயிற்றை வெளியே எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல சிவப்பு ஒயர் இருக்கணுமே."

இரண்டு வருடமாக இந்த நாளுக்குப் பயந்துகொண்டிருந்தேன். "நான்தான் எடுத்தேன்," என்றேன். "மொட்டைமாடியில துணி காயப்போடக் கொடி கட்டிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. "எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு துண்டா வெட்டினேன். ரெண்டு நம்ம மாடியில இருக்கு. ஒண்ணு மேல்வீட்டு அக்கா பால்கனியில."

கட்டிலில் எங்கள் மகள் சிட்டு மறுபடி வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்தான் வந்தது. துடைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் அறையில் இல்லை. மாடிப்படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டது.

சிட்டுவுக்கு ஒன்பது வயது. ஐந்து வயதிலிருந்து தினமும் நான்கு வேளை இன்சுலின் ஊசி போட்டால்தான் அவள் உடம்பு ஓடும். மூன்று நாளாக வெள்ளம். கீழ்த்தளத்தில் என் தையல் கடை கூரை வரை மூழ்கிக் கிடந்தது. வீட்டு ஃபிரிட்ஜ் பழுதானதால் மிச்ச இன்சுலின் குப்பிகளையெல்லாம் கடை ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தேன். கையில் இருந்த குப்பி நேற்றுக் காலையோடு தீர்ந்துவிட்டது. போன் செத்து இரண்டு நாள் ஆகிறது. எங்கள் தெரு பள்ளத்தில் ஒதுங்கிக் கிடப்பதால் ஒரு படகுகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை மீட்டர் எண் காட்டவில்லை, அளவு மீறிவிட்டது என்று மட்டும் காட்டியது. பிள்ளையின் மூச்சில் அழுகிய பழ வாடை வந்தது. அந்த வாடை வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மிச்சமிருந்த ஒரே வழி, கல்யாணமான நாளிலிருந்து நான் கிண்டல் செய்துகொண்டிருந்த வழி. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அது சம்பளத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையானால் சிற்றலை ரேடியோ முன்னால் உட்கார்ந்து, "ஹலோ, கேக்குதா, ஓவர்" என்று எவரெவரையோ கூப்பிட்டுக்கொண்டிருப்பார். தெருவில் அவருக்கு ஹலோ சார் என்றே பெயர். "நீங்க கேக்குதான்னு கேப்பீங்க, அவங்க கேக்குதும்பாங்க. இதுக்கு ஒரு மெஷினு, இதுக்கு ஒரு லைசென்ஸு!" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்.

மாடியில் நின்ற பெரிய ஆன்டெனாக் கம்பம் முதல் நாள் புயலிலேயே சாய்ந்தது. போகிற போக்கில் கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரையும் அந்தப் பக்கத்துக் கொடிக்கம்பத்தையும் தண்ணீரில் தள்ளிவிட்டுப் போனது. இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் அவர் அந்தப் பையைத் தனியாக வைத்திருந்தார். கைக்கடக்கமான ரேடியோ, கேபிள், அளந்து வெட்டிய சிவப்புக் கம்பி. நாள் தவறாமல் பேட்டரிக்குச் சார்ஜ் போடுவார். பையின் அடியில் கிடந்த கம்பியைப் பிரித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பை வழக்கம்போல் உப்பலாகத்தானே இருந்தது! உப்பலாக இருக்கட்டும் என்று நைலான் கயிற்றைச் சுருட்டி வைத்த கெட்டிக்காரி நான்.

எதற்காக எடுத்தேன்? பழைய இரும்புக் கொடியின் துருக்கறை ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைத் துணியில் ஏறிவிட்டது. அந்தம்மா கடை வாசலில் நின்று என் மானத்தை வாங்கிவிட்டுப் போனாள். சிவப்புக் கம்பி வழவழப்பாக, பிளாஸ்டிக் உறையோடு, கறை படியாமல் இருந்தது. அவ்வளவுதான் காரணம். இப்போது எழுதும்போதுகூட எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

சிட்டுவைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். மேல்வீட்டு அக்கா தன் பால்கனியில் கட்டியிருந்த கம்பித் துண்டை அவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே வந்து, படிக்கட்டு முடிகிற கூரைக்கடியில் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "நீ ஆக வேண்டியதப் பாரும்மா. குழந்தைய நான் பாத்துக்கறேன்," என்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மணி மூன்றரை.

அவர் என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார். "நடுவுல ஒரு கழி. அதோட உச்சியில கேபிள் வந்து ரெண்டா பிரியும். இந்தப் பக்கம் பத்து மீட்டர், அந்தப் பக்கம் பத்து மீட்டர். கூடாரம் மாதிரி ரெண்டு பக்கமும் இறங்கணும். அளவு தப்பினா ரேடியோ தள்ளிவிடுற சக்தி வெளிய போகாது, திரும்பி வந்துடும்."

"அளவ நான் பாத்துக்கறேன்."

"ஆறு மணிக்குள்ள ஆகணும். பொழுது சாஞ்சிட்டா இந்த அலை பக்கத்துல இறங்காது. நம்மளத் தாண்டி எங்கயோ தூரமாப் போய் விழும். ரேடியோ வச்சிருக்கிற ஆஸ்பத்திரி நாப்பது மைல்ல இருக்கு. இருட்டினப்புறம் கத்தினாலும் அவங்களுக்குக் கேக்காது."

கழுத்திலிருந்த டேப்பை எடுத்தேன். என் டேப் ஒன்றரை மீட்டர். ஆறு முழு டேப், மேலே ஒரு மீட்டர். கிழக்கே கம்பம் போனதால் தரையில் தொய்ந்து கிடந்த கொடியிலிருந்து ஈரத் துணிகளை வாரி எறிந்தேன். அவர் கத்தியால் நுனிகளைச் சுரண்டிச் செம்பை வெளியே எடுத்து, துண்டோடு துண்டை முறுக்கினார். நான் வழக்கம்போல் இரண்டு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக விட்டேன்.

"எதுக்கு அது?"

"தையலுக்கு விடுவேனே, அந்தப் பழக்கம். வெட்டிடவா?"

"வேணாம். மடிச்சுக்கலாம்," என்றார். அன்றைக்கு அவர் குரலில் கொஞ்சமாவது ஈரம் இருந்தது அந்த ஒரு வார்த்தையில்தான்.

ஒட்டடைக் கம்பைத் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கட்டி, உச்சியில் கேபிளைப் பொருத்தினோம். மேற்குப் பக்கக் கம்பியின் நுனியை மிச்சமிருந்த கொடிக்கம்பத்தில் கட்டினார். கிழக்கே கட்ட எதுவும் இல்லை. கைப்பிடிச் சுவர் இருந்த இடத்தில் வெறும் விளிம்பு, அதற்குக் கீழே பழுப்புத் தண்ணீர். அந்த நுனியில் நைலான் கயிற்றை முடிந்து ஒரு நாற்காலியில் கட்டிவிட்டு ஓடி வந்தோம். அவர் ரேடியோவைப் போட்டு, மைக்கை அழுத்தி, சின்னத் திரையைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"எல்லாம் திரும்பி வருது."

முறுக்கிய இடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி முறுக்கினார். திரை மாறவில்லை. கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தார். மாறவில்லை. அளவைச் சந்தேகப்பட்டார். என் டேப்பைச் சந்தேகப்பட்டால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும், ஆனாலும் வாயை மூடிக்கொண்டு மறுபடி அளந்து காட்டினேன். அளவு சரி. மணி ஐந்தாகப் போகிறது. மேல்வீட்டு அக்கா கூப்பிட்டாள்: "ஏம்மா, மூச்சு ஒரு மாதிரி இழுத்து இழுத்து விடறா. கூப்பிட்டா கண்ணத் திறக்கறா, ஆனா பேச மாட்டேங்கறா."

அவர் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நடுவழியில் நின்றுபோன லிஃப்டைத் திறந்து உள்ளே சிக்கியவர்களை வெளியே எடுக்கிற மனிதர். அவர் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியை இறக்கி, விரலால் தடவிக்கொண்டே போனேன். மிஷின் ஊசி முறிந்து துணிக்குள் தங்கிவிட்டால் நான் கண்ணால் தேட மாட்டேன், மடிப்பை விரலில் உருட்டிக்கொண்டே போவேன். எங்கோ ஓரிடத்தில் விரலுக்குத் தட்டுப்படும். அதுபோலத்தான் போனேன். மேற்குப் பக்கம் ஒன்றும் இல்லை. கிழக்குப் பக்கம், பழைய கொக்கியில் இரண்டு வருடம் முடிச்சுப் போட்டுக் கிடந்த இடத்தில், கம்பி என் விரலுக்குள் சும்மா வளைந்தது. மற்ற இடங்களில் இருந்த விறைப்பு அங்கே இல்லை. வெளியே சிவப்பு உறை முழுசாக இருந்தது.

"ஏங்க, இங்க உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

ஓடி வந்து உறையைக் கீறினார். உள்ளே செம்பு இரண்டாக முறிந்து பச்சை பூத்துக் கிடந்தது. ஈரப் போர்வையும் காற்றுமாக ஆட்டி ஆட்டியே முறித்திருக்கின்றன. கெட்டுப்போன இடத்தை வெட்டி எறிந்து, நல்ல நுனிகளைச் சுரண்டி முறுக்கியதில் கம்பி குட்டையானது. நான் கூடுதலாக விட்ட சாண் அதற்குச் சரியாக இருந்தது.

மறுபடி தூக்கிக் கட்டினோம். மறுபடி அழுத்தினார். "போகுது," என்றார். "வெளிய போகுது!" அந்த நொடியில் ஒரு காற்று வந்து கிழக்குக் கயிற்றை நாற்காலியோடு விளிம்புக்கு இழுத்தது. பாய்ந்து கயிற்றைப் பிடித்தேன். முடிச்சு நழுவி நாற்காலி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

"நான் பிடிச்சுக்கறேன், நீங்க போய்ப் பேசுங்க!"

"விளிம்புல நிக்காத!"

"போய்ப் பேசுங்கன்னு சொல்றேன்ல!"

போனார். கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். ஒரு முழம் பின்னால் வந்தால் கம்பி தொய்ந்து தரையைத் தொடும். ஒரு முழம் முன்னால் போனால் நான் இருக்க மாட்டேன். மழை வலுத்தது. அவர் உதடு அசைவது தெரிந்தது, என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. யாராவது பதில் சொல்கிறார்களா என்றும் கேட்கவில்லை. கூப்பிடுவார், ஹெட்போனை அழுத்திப் பிடித்துக் கேட்பார், மறுபடி கூப்பிடுவார். மேற்கே வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாம்பல் நிறமானது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. பையை உப்ப வைக்க நான் திணித்த அதே கயிறு. என் பிள்ளை எட்டடி தூரத்தில் செத்துக்கொண்டிருந்தாள், அவளைத் தொடக்கூட முடியாமல் நான் ஒரு கொடிக்கம்பமாக நின்றேன். பிள்ளையைக் காப்பாற்று என்று வேண்டக்கூடத் தோன்றவில்லை. "யாராவது கேளுங்கடா, யாராவது கேளுங்கடா" என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டிருந்தேன்.

அவர் கூப்பிடுவதை நிறுத்தினார். குனிந்து காகிதத்தில் ஏதோ எழுதினார். நிமிர்ந்து பேசினார், மறுபடி எழுதினார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னை நோக்கி மழையில் நடந்து வந்தார். அழுதுகொண்டிருந்தார். எந்த அழுகை அது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கத் துணிவும் இல்லை.

"படகு கிளம்பிடுச்சு," என்றார். "பக்கத்து முகாம்லேருந்து மருந்தும் நர்ஸும் வராங்க. கயித்த விடு."

என்னால் விட முடியவில்லை. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் படகு வந்தது. நர்ஸ் அங்கேயே ஊசி போட்டு, சிட்டுவின் கையில் டிரிப் ஏற்றினாள். படகில் சிட்டுவோடு இன்னும் ஒருவருக்குத்தான் இடம். தெருவில் இன்னும் முப்பது வீட்டு ஆட்கள் சிக்கியிருந்தார்கள், அவர்களுக்கெல்லாம் இனி அந்த ரேடியோதான் வாய். அதனால் நான் ஏறினேன், அவர் நின்றுவிட்டார். "போனதும் தகவல் சொல்லுங்க," என்று நர்ஸிடம் சொன்னார். பிறகு அவரே, "ராத்திரி கேக்காது. காலையில சொல்லுங்க," என்றார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

படகிலிருந்து கரையில் நின்ற வேனுக்கு மாறி, ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிழைப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர் விடியட்டும் என்றார். விடிகிற நேரத்தில் சிட்டு கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டு, கொடுக்கச் சுணங்கிய நர்ஸை முறைத்தாள். அந்த முறைப்பு என்னுடையது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் மாடிக்கு ஓடினேன். ரேடியோ அறையில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தந்தார். அவர் குரலை நான் அறிவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேக்குது, கேக்குது என்று எங்கள் கூடத்தில் ஒலித்த குரல். "ஆறு மணியிலேருந்து உங்க வீட்டுக்காரர் நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுறார். நீங்களே சொல்லுங்கம்மா. பல பேர் கேட்டுட்டிருப்பாங்க, பரவாயில்ல. இத அழுத்திட்டுப் பேசுங்க, முடிச்சதும் ஓவர்னு சொல்லிட்டு விடுங்க."

அழுத்தினேன். "என்னங்க, கேக்குதா?" என்றேன். எத்தனை வருடம் கிண்டல் செய்த வார்த்தை! "நான்தான். பிள்ள கண்ணு முழிச்சிட்டா. சுகர் எறங்கிட்டு வருது. டாக்டர் இனிமே பயமில்லன்னுட்டார். ஓவர்."

இரைச்சல் மட்டும் வந்தது. நெடுநேரம் வந்தது. யார் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களோ, கம்பி அறுந்துவிட்டதோ என்று மறுபடி அழுத்தப் போனேன்.

பிறகு அவர் குரல், கரகரவென்று, அந்த வட்டாரத்தில் ரேடியோ வைத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி வந்தது.

"துணி காயப்போட உனக்கு உலகத்துல வேற கம்பியே கிடைக்கலையாடி? பையில கயித்தத் திணிச்சு வச்சு என்னையே ஏமாத்தியிருக்க! வீட்டுக்கு வா, உன்ன ஒரு கை பாக்கறேன். ஓவர்."

மைக்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நேற்றிலிருந்து வராத அழுகையையெல்லாம் அழுதேன். ரேடியோக்காரர் தண்ணீர் எடுத்து வந்தார். நான் அழுத்தினேன்.

"வரேங்க," என்றேன். "நல்லாத் திட்டுங்க. ஓவர்."